உதறிப் போட்ட ஒரு கிலோ

முப்பத்திரண்டு வருஷம் நான் கல் சுமந்தவன். கட்டடக் கல் இல்லை, எடைக்கல். தென்காசியில் முத்திரை ஆய்வாளர் அலுவலகத்தில் உதவியாளர் வேலை. கடைகளில் இருக்கும் தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது, தப்பாக இருந்தால் எடுத்துக்கொண்டு வருவது, இதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. பார்ப்பவர் ஆய்வாளர், குத்துபவர் ஆய்வாளர், எழுதுபவரும் ஆய்வாளர். தூக்குகிறவன் மட்டும் நான். என் பெயர் கணபதி என்பது ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நான் 'கல்லு அண்ணாச்சி'.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் இப்போதைய ஆய்வாளர் அம்மா போன் செய்தார்கள்.

"அண்ணாச்சி, இப்பல்லாம் வீட்டுக்கு ஒரு தராசு வாங்கி அடுப்படியில வச்சிருக்காங்க. வாங்குன சாமான நிறுத்து, போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புதாங்க. எது நெசம், எது பொய்யின்னு தலை சுத்துது. அந்த ரம்புட்டான் விவகாரத்த நீங்க எழுதிக் குடுத்தா, புதுசா வந்தவங்கள படிக்கச் சொல்லுவேன்."

எனக்கு எழுத்தெல்லாம் வராது, கையெழுத்துத்தான் வரும் என்றேன். அந்த அம்மா விடவில்லை. சரி, வருகிறபடி எழுதுகிறேன். தப்பிருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாவிட்டால் அந்த அம்மாவிடம் போய்க் கேட்கட்டும்.

வேலை பழகியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருபது கிலோ கல்லை இடுப்புப் பிடித்துக்கொள்ளாமல் தூக்குவது எப்படி என்று கற்றுக்கொண்டேன். இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கற்றுக்கொண்டேன். புளியங்காய் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் கடைக்காரர்கள் டீ சாப்பிடச் சொல்ல மாட்டார்கள் என்றும் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் தானாக வந்தது.

ஆனால் இந்த வேலையில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத கஷ்டம் ஒன்று உண்டு. கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்க முடியாது. கல்யாணமான புதிதில் என் சம்சாரம் பார்வதி அரைக் கிலோ சின்ன வெங்காயம் வாங்கி வரச் சொன்னாள். மார்க்கெட்டில் ஒரு கடை முன்னால் போய் நின்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, சாமி சத்தியமா போன மாசந்தான் முத்திர வச்சேன்" என்று கும்பிட்டார். "வெங்காயம் வேணும்யா" என்றேன். "அதெல்லாம் அப்பறம் பாக்கலாம், மொதல்ல முத்திரச் சீட்டப் பாருங்க" என்று டப்பாவைக் கவிழ்த்துச் சீட்டைத் தேடினார். அதற்குள் அந்த வரிசையில் நாலு கடை ஷட்டர் இறங்கிவிட்டது. வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு வெங்காயமில்லாத சாம்பார்.

இதாவது பரவாயில்லை. இன்னொரு சமயம் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரே கடையில் மூன்று நாள் கத்தரிக்காய் வாங்கினேன். "கல்லு அண்ணாச்சியே அங்கனதான் வாங்குதாரு, எடை சுத்தமா இருக்கும்" என்று பேச்சுக் கிளம்பி அந்தக் கடையில் கூட்டம் அம்மியது. எதிர்க்கடைக்காரர் ஈ ஓட்டினார். நாலாம் நாள் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "நான் என்ன பாவம் அண்ணாச்சி செஞ்சேன், என்ட்டயும் கத்தரிக்காதான இருக்கு" என்று அழாத குறையாகக் கேட்டார். நான் வாங்கியது அரைக் கிலோ. அதில் ஒரு கடை எழுந்தது, ஒரு கடை படுத்தது. அன்றோடு நான் கடைவீதியில் சாமான் வாங்குவதை விட்டேன். உப்பு முதல் உள்பனியன் வரை எல்லாம் பார்வதிதான் வாங்குவாள்.

ஆய்வாளர்கள் பலர் வந்தார்கள், போனார்கள். கடைசி எட்டு வருஷம் இருந்தவர் ஞானதிரவியம் சார். ஒல்லியான மனுஷர், வெள்ளை அரைக்கைச் சட்டை. நாலு கைக்குட்டை வைத்திருப்பார். முகத்துக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, தராசுத் தட்டைத் துடைக்க ஒன்று, கல்லை எடுக்க ஒன்று. ஒன்றின் வேலையை இன்னொன்றுக்குக் கொடுக்க மாட்டார். விரல் வியர்வை ஒட்டினால் கல்லின் எடை மாறிவிடுமாம். அதற்கு முன்னால் நான் இருபத்துநாலு வருஷம் வெறுங்கையால் தூக்கியதை அவரிடம் கடைசிவரை சொல்லவே இல்லை.

அவர் ஒரு தராசைச் சோதிப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் தராசு சாயாமல் நிற்கிறதா என்று மட்டக் குமிழைக் குனிந்து பார்ப்பார். மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். தராசை மூன்று நிமிஷம் சும்மா விடுவார். "இப்பதான எழுந்திருக்கு, நிதானத்துக்கு வரட்டும்" என்பார். பிறகு சின்னக் கல், அதற்கு மேல் பெரிய கல், பிறகு தட்டின் நாலு மூலையிலும் தனித்தனியாக. ஏற்றினதையெல்லாம் அதே வரிசையில் இறக்குவார். அவ்வளவு நேரமும் யாரும் பேசக் கூடாது. "மூச்சுக்காத்துக்கும் எடை உண்டு கணபதி" என்பார். கடைக்காரர்களுக்கு மூச்சே நின்றுவிடும்.

தப்பு என்று ஒரு நாளும் யாரையும் சொன்னதில்லை. "உங்க தராசு கொஞ்சம் சோர்ந்திருக்கு" என்று ஆஸ்பத்திரியில் சொல்வது மாதிரி சொல்வார். அதைக் கேட்பதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டு வாங்கியிருக்கலாம் என்று கடைக்காரர்கள் என்னிடம் வந்து புலம்புவார்கள். குறைந்தாலும் அவருக்குப் பிழை, கூடினாலும் பிழை. ஒருமுறை செங்கோட்டையில் ஒரு கடைக்காரர் என் பையில் கொசுறாக ஒரு பூவன்பழத்தைப் போட்டுவிட்டார். சார் அதை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, திரும்ப வைத்தார். ஜீப்பில் வரும்போது, "கூடுதலும் பொய்தான் கணபதி. அந்தத் தராசு நமக்காகப் பேசுதுன்னு அர்த்தம்" என்றார். அன்றிலிருந்து எனக்குக் கொசுறு ஆகாது. கருவேப்பிலை கூட ஆகாது.

இப்போது ரம்புட்டான் விவகாரத்துக்கு வருகிறேன்.

குற்றாலத்தில் ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு சந்து உண்டு. அதன் வாயில் இரண்டு பழக்கடைகள், எதிர் எதிரே. ஒன்று கடையநல்லூர் மைதீனுடையது. பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் காய்கறி மண்டியில் மூட்டை தூக்கிவிட்டுத் திரும்பி வந்தவர். மற்றது இலஞ்சி சுடலைமுத்துவுடையது. நெல் போட்டுச் சலித்துப்போய்ப் பழத்துக்கு வந்தவர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே தார்ப்பாய், கூட்டாக வாங்கியது. ஒரு முனை மைதீன் கடைக் கம்பத்தில், மறுமுனை சுடலைக் கடைப் பக்கத்துப் புங்கமரத்தில். சீசன் முழுக்கச் சாரல் பெய்தாலும் அதன் கீழ் பழமும் நனையாது, வாங்குகிறவர்களும் நனைய மாட்டார்கள். மைதீன் தொழுகைக்குப் போனால் அவர் கடையைச் சுடலை பார்ப்பார். ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குச் சுடலை போனால் அவர் கடையை மைதீன் பார்ப்பார். ஒருவரை ஒருவர் 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் யாருக்கு மாப்பிள்ளை என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பெருங்காற்று. தார்ப்பாயின் ஒரு மூலை கிழிந்துவிட்டது. கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். அன்று வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் மைதீனிடம் ஒரு கிலோ ரம்புட்டான் வாங்கிக்கொண்டு போய் மறுநாள் வீட்டில் நிறுத்திருக்கிறார்கள். தொள்ளாயிரத்து முப்பத்தைந்து கிராம். போட்டோ எடுத்து, 'நம்மள எடையில ஏமாத்துதாங்க, நம்ம ஆளுங்க கடையில மட்டும் வாங்குங்க' என்று எழுதிப் போனில் சுற்ற விட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் கடையநல்லூரிலிருந்து இன்னொரு போட்டோ. சுடலையிடம் வாங்கிய ஒரு கிலோ, வீட்டில் தொள்ளாயிரத்து நாற்பது. 'நம்மள எடையில ஏமாத்துதாங்க, நம்ம ஆளுங்க கடையில மட்டும் வாங்குங்க.' ஒரு எழுத்துக்கூட வித்தியாசமில்லை. எழுதியவன் ஒரே ஆள்தானோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

ஒரு வாரத்தில் ரோடே இரண்டாகப் பிரிந்துவிட்டது. குற்றாலத்துக்கு வருகிறவன் எந்த அருவியில் கூட்டம் குறைவு என்று யோசிப்பான். இப்போது யாரிடம் எண்ணெய் தேய்த்துக்கொள்வது, யார் கடையில் பஜ்ஜி தின்பது என்று யோசித்தான். டீ மாஸ்டர் பெயரைக் கேட்டுவிட்டு டீ குடித்தார்கள். நாலு பேர் வந்து மைதீன் கடை முன்னால் முறைத்துக்கொண்டு நின்றார்கள்; மறுநாள் ஐந்து பேர் சுடலைக் கடை முன்னால் நின்றார்கள். சந்து வாயில் இரண்டு போலீஸ்காரர்களைப் போட்டார்கள். ஒரு கடையில் வாங்கித் தின்றால் ஒருதலைப்பட்சம் ஆகிவிடும் என்று அவர்கள் பழம் நடுவில் பட்டினியாக நின்றார்கள்.

மைதீனுக்கும் சுடலைக்கும் பேச்சு நின்றது. கிழிந்த தார்ப்பாயைத் தைக்க யார் முதலில் கூப்பிடுவது என்று இரண்டு பேரும் பார்த்திருக்கிறார்கள். யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் அதை நடுவில் அளந்து அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். 'மாப்ள' போய் மரியாதை வந்துவிட்டது. சுடலை மைதீனை 'அந்தக் கடைக்காரர்' என்றார். மைதீன் சுடலையை 'எதிர்த்தாப்புல இருக்கவங்க' என்றார். அவ்வளவு மரியாதையாகப் பேசினால் நிலைமை மோசம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரே நாளில் இரண்டு மனு வந்தது. சார் கண்ணாடிக் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டையும் படித்தார். "ஒரு தராசு சோர்ந்து போனாலும் இங்கன அடிதடி ஆயிரும் கணபதி" என்றார். துடைத்த கண்ணாடியையே இன்னொரு தடவை துடைத்தார்.

முதலில் சோதனைக் கொள்முதல். சாதாரண வாடிக்கையாளர் மாதிரி ஒருவர் போய் வாங்கி வர வேண்டும், நாங்கள் ஜீப்பில் இருந்து உடனே நிறுத்துப் பார்ப்போம். நான் போனால் ஷட்டர் இறங்கிவிடும். அதனால் பார்வதியை அனுப்பினோம். பத்து நிமிஷத்தில் இரண்டு கடையிலும் ஒவ்வொரு கிலோ வாங்கி, முகமெல்லாம் பூரிப்பாக வந்தாள். சார் ஜீப்பின் பின்பக்கத்தில் எங்கள் தராசில் வைத்தார். ஒன்று ஆயிரத்து எண்பது கிராம், மற்றது ஆயிரத்து எழுபத்தைந்து.

சார் பேனாவை மூடினார். "அம்மா, நிறுத்ததுக்கு அப்பறம் கூட ஏதும் போட்டாங்களா?"

"ஆமா சார். கொசுறு கேட்டேன்."

"சோதனைக் கொள்முதல்ல கொசுறு கேக்கக் கூடாதும்மா."

"கொசுறு கேக்காம எப்படி சார் சாமான் வாங்குதது? சந்தேகப்பட மாட்டாங்களா?" என்றாள் பார்வதி. சார் மூடிய பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

மறுபடியும் ஆள் வேண்டும். பக்கத்து அலுவலகத்தில் சிரிக்கவே தெரியாத கிளார்க் ஒருவர் உண்டு. அவர் போனார். வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு குரங்கு பையைக் கிழித்து இரண்டு பழத்தோடு புங்கமரத்தில் ஏறிவிட்டது. சாட்சிப் பொருளில் இரண்டு பழம் மரத்தின் மேல். இதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று சார் அரை மணி நேரம் யோசித்தார். பிறகு அந்தப் பையைத் தள்ளிவிட்டு மறுபடியும் வாங்கி வரச் சொன்னார். இந்தத் தடவை இரண்டு கடையிலும் சரியாக ஆயிரம் கிராம். பிறகு நாங்களே இறங்கிப் போய், பெட்டியைத் திறந்து, கல் வைத்து, நாலு மூலையும் பார்த்தோம். இரண்டு தராசும் பிசகாமல் நின்றன.

நான் கல்லைப் பெட்டியில் வைக்கும்போது மைதீன் குனிந்து என் காதருகே சொன்னார். "அண்ணாச்சி, எனக்கு இந்த ரெண்டரை மாசந்தான் வருசம். இப்பிடியே போனா மறுபடியும் பிளைட் ஏறி மூட்டை தூக்கப் போணும். அதக்கூடத் தாங்கிக்கிடலாம். நேரே உக்காந்திருக்க மாப்ள மூஞ்சியப் பாக்காம ஒரு நாள் முழுக்க ஓட்டுததுதான் முடியல." சொல்லிவிட்டுச் சட்டென்று பழத்தை அடுக்கப் போய்விட்டார். எதிரே சுடலை இந்தப் பக்கமே பார்க்காமல், பார்த்துக்கொண்டிருந்தார்.

தராசு சரி என்றால் போட்டோ பொய்யா? சார் நாலு பை பழத்தையும் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, தனித்தனியாகச் சீட்டு எழுதி, மேஜையில் செய்தித்தாள் விரித்துக் கொட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் நான் கதவைத் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். செய்தித்தாள் நாலும் சொதசொதவென்று நனைந்திருந்தன. சார் பழங்களை மறுபடியும் நிறுத்தார். கிளார்க் வாங்கியது தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று. பார்வதி வாங்கியது ஆயிரத்துப் பத்து, ஆயிரத்து ஐந்து.

சார் ஒரு ரம்புட்டானை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இதுக்கு மேல என்ன இருக்கு கணபதி?"

"முடி சார்."

"முடிக்குள்ள?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாரல் முழுக்க அந்த முடிக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தராசு பழத்தையும் தண்ணீரையும் சேர்த்து நேர்மையாக நிறுத்துக் கொடுத்திருக்கிறது. கடையநல்லூர் வெயிலுக்குப் போனதும் தண்ணீர் இறங்கிவிட்டது. தார்ப்பாய் இருந்த நாளெல்லாம் பழம் காய்ந்திருந்தது. கிழிந்த சனிக்கிழமை நனைந்தது. அறுத்த பிறகு தினமும் நனைந்தது. சண்டையால் எடை குறைந்தது, எடை குறைந்ததால் சண்டை வளர்ந்தது.

"இன்னொண்ணும் கவனிச்சீரா?" என்றார் சார். "ஒம்ம வீட்டம்மா சிரிச்சுப் பேசிக் கொசுறு கேட்டாங்க. தண்ணி போனாலும் அவங்களுக்கு ஒரு கிலோ இருக்கு. முறைச்சுக்கிட்டு வாங்குனவனுக்குத்தான் கொறையுது."

அன்று மதியம் சந்துக்குப் போய் இரண்டு பேரையும் நடுவில் நிற்க வைத்துச் சார் இதைச் சொன்னார். இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"அப்பத் தப்பு யாரு மேல சார்?" என்றார் சுடலை.

"சாரல் மேல."

"அது மேல கேஸ் போட முடியுமா?"

"முடியாது. தார்ப்பாயக் கட்டலாம்."

அவ்வளவுதான், இரண்டு பேரும் தங்கள் தங்கள் பாதியைக் கொண்டுவந்து காட்டினார்கள். அறுத்த பிறகு எந்தப் பாதியும் எங்கேயும் எட்டவில்லை. கடைச் சுவரில் கட்டி இழுத்தால் பழத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. அது அவர்களுக்குக் கவலையாக இல்லை. "சார், நீளத்தையும் நீங்கதான அளக்குதீங்க? அந்தக் கடைக்காரர் பாதி கூட இருக்கு, அளந்து சொல்லுங்க" என்றார் சுடலை. "அதெல்லாம் சரிபாதி. எதிர்த்தாப்புல இருக்கவங்க முன்னால வச்சுத்தான் அறுத்தேன்" என்றார் மைதீன்.

சார் மறுக்கவில்லை. மீட்டர் கோலை எடுத்து வரச் சொன்னார். இரண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடிக்க, சாரலில் நனைந்துகொண்டே முத்திரை ஆய்வாளர் கிழிந்த தார்ப்பாயை அளந்தார். மைதீன் பாதி நாலு விரல் அதிகம். "பாத்தீங்களா!" என்று சுடலை கையைத் தட்டினார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

சார் கோலைத் துடைத்தார். "இதச் சரி செய்ய ஒரே வழிதான் இருக்கு. ரெண்டையும் சேத்துத் தைங்க. அப்ப எவ்வளவு யாருதுன்னு அளக்க எனக்கு அதிகாரம் இல்ல." சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

தைக்கவில்லை. 'எடைக்கருவிகள் சரியாக உள்ளன' என்று நாங்கள் ஒட்டிய நோட்டீஸை யாரும் படிக்கவும் இல்லை. போனில் வந்தது ஊரெல்லாம் தெரிந்திருந்தது. சுவரில் ஒட்டியது குரங்குக்கு மட்டும் தெரிந்தது. சட்டத்தில் எங்களால் ஆனது அவ்வளவுதான். சனிக்கிழமை மாலை நான் சாரிடம் போய் நின்றேன்.

"சார், நாளைக்கு லீவு வேணும்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமவே. எதுக்கு லீவு?"

"ஒரு கடையில சாமான் வாங்கணும்."

சார் என்னை ரொம்ப நேரம் பார்த்தார், தராசைப் பார்ப்பது மாதிரி. "ஒரு கடையில வாங்காதீரும். ரெண்டுலயும் வாங்கும். உதறி வாங்கும்" என்றார்.

ஞாயிறு காலை. அருவிக் கூட்டம் ஈரத் தலையோடு ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. நானும் பார்வதியும் சந்து வாயில் போய் நின்றோம். என்னைக் கண்டதும் போலீஸ்காரர்கள் தொப்பியைச் சரி செய்தார்கள். சந்தே அமைதியாகிவிட்டது. ரெய்டு என்று நினைத்திருப்பார்கள். இத்தனை வருஷத்தில் கடைவீதியில் நான் வாய்விட்டுக் கேட்ட சாமான் கத்தரிக்காய்க்குப் பிறகு இதுதான்.

"மைதீனு, ஒரு கிலோ ரம்புட்டான் போடும். உதறிப் போடும்!"

மைதீன் திகைத்தார். பிறகு ஒரு கொத்தை எடுத்து உதறினார். தண்ணீர் என் சட்டை, பார்வதி சேலை, போலீஸ்காரர் முகம் என்று எல்லா இடத்திலும் தெறித்தது. உதறி உதறிப் போட்டார், தராசு ஒரு கிலோ காட்டியது. நான் திரும்பினேன்.

"ஏ சுடலை, ஒமக்கும் அதே பாடுதான். ஒரு கிலோ. உதறி!"

சுடலை சும்மா இருப்பாரா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதீனைவிட ஒரு பங்கு கூடுதலாக உதறினார். ஒரு பழம் கொத்தை விட்டுப் பறந்து போய்ப் பஜ்ஜிக் கடை எண்ணெயில் விழுந்தது. கூட்டத்தில் சிரிப்பு. "என்ன அண்ணாச்சி இது?" என்று ஒருவர் கேட்டார். முடிக்குள் தண்ணீர் நிற்கும் கதையை நான் சொன்னேன். முப்பது வருஷம் பேசாமல் கல் தூக்கினவன் அன்றைக்கு மைக் கிடைத்தவன் மாதிரி பேசினேன். பார்வதி அதற்குள் இரண்டு கடையிலும் கொசுறு கேட்டு முடித்துவிட்டாள்.

"எனக்கும் உதறிப் போடுங்க" என்றார் ஒருவர். "எனக்கும்" என்றாள் ஒரு அம்மா. இந்தப் பக்கம் நின்றவர் அந்தப் பக்கம் உதறுவது பலமாக இருக்கிறதென்று அந்தப் பக்கம் போனார். அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வந்தார். கடைக்காரன் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள், உதறுகிறானா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். மதியத்துக்குள் ஐந்தருவி ரோடு முழுக்க 'உதறிப் போடு' என்பதுதான் சத்தம். மாங்காய் விற்கிறவரிடம் கூட ஒருவர் உதறச் சொன்னார். போலீஸ்காரர்கள் இரண்டு கடையிலும் அரை அரைக் கிலோ வாங்கி ஒரு வாரப் பட்டினியைத் தீர்த்துக்கொண்டார்கள்.

நான் பெரிய காரியம் செய்துவிட்டேன் என்று சொல்லவில்லை. வேலையை முடித்தது அவர்களுடைய தோள்பட்டைதான். மூன்று நாள் காலை முதல் பொழுதடையும்வரை உதறினால் எந்தக் கை தாங்கும்? புதன்கிழமை போய்ப் பார்த்தேன். சுடலை வலது கையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மைதீன் இடது கையால் உதறிக்கொண்டிருந்தார். ஒரு கொத்தை எடுத்த சுடலை, தூக்க முடியாமல் கீழே வைத்துவிட்டு, எதிரே பார்த்தார்.

"மாப்ள... கை போச்சுலே."

மைதீன் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தார். "எனக்கும்தான் மாப்ள. அந்தப் பாதிய எடுத்துட்டு வா" என்றார். இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது, சிரிப்பும் வருகிறது.

கடையநல்லூரில் மைதீனுக்குத் தெரிந்த தையற்காரர் ஒருவர் இரண்டு பாதியையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். நாலு விரல் வித்தியாசத்தால் தையல் கோணலாகத்தான் போகும். அந்தக் கோணலில் சொட்டுச் சொட்டாக ஒழுகும், வாங்குகிறவர் தலைமேல் சரியாக. யாரும் அதைப் பற்றிப் புகார் கொடுத்ததாகத் தெரியவில்லை. போட்டோக்கள் வருவதும் நின்றுவிட்டது.

ஓய்வு பெற்ற மறுவாரம் நானும் பார்வதியும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். திரும்புகையில் சந்து வாயில் நின்றேன். தையலிலிருந்து ஒரு சொட்டு என் வழுக்கையில் விழுந்தது. மைதீன் ஒரு கிலோ ரம்புட்டான் நிறுத்துப் பையில் போட்டார். அதற்கு மேல் இரண்டு பழம் போட்டார். என் கை தானாகப் போய் அந்த இரண்டையும் எடுத்துத் திரும்பக் கடையில் வைத்தது.

"அண்ணாச்சி, இன்னுமா டூட்டி?" என்றார் மைதீன். எதிரேயிருந்து சுடலை, "அவரு வாங்க மாட்டாரு மாப்ள, இந்தா எங்கணக்குல" என்று ஒரு பழத்தை எறிந்தார். அது நேராக என் பையில் விழுந்தது. மைதீனும் அந்த இரண்டை மறுபடியும் போட்டார். பார்வதி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் மருமகள் வாங்கி வைத்த தராசு இருக்கிறது. பார்வதி பையை அதன்மேல் வைக்கப் போனாள். வேண்டாம் என்றேன். கல்லைத் தூக்க ஆரம்பித்த நாளிலிருந்து என் கைக்கு வந்த சாமானில் நிறுக்காமல் விட்டது அந்த ஒரு பைதான்.